ஈவிஎம் இறங்கவே மாட்டேன் என்கிறதா? பல்ஸ் ஷேப்பிங் ஃபில்டர் பொருந்தாத ரிசீவரில் எங்கே தேடுவது

ரிசீவர் திரையில் கான்ஸ்டலேஷன் புள்ளிகள் (வந்த ஒவ்வொரு சிம்பலுக்கும், அதாவது அனுப்பிய ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும், ஒரு புள்ளி) கலைந்து தெரிந்ததும் எல்லாரும் முதலில் கை வைப்பது ரோல்-ஆஃப் மதிப்பில்தான். சிம்பல் துடிப்புக்கு வடிவம் கொடுக்கும் பல்ஸ் ஷேப்பிங் ஃபில்டர், சிம்பல் ரேட்டுக்கு மேல் எவ்வளவு பங்கு கூடுதல் அகலம் எடுக்கிறது என்ற எண் அது. அந்தப் பக்கம் 0.35, இந்தப் பக்கம் 0.20 என்று இருந்துவிட்டால் "அகப்பட்டுக்கொண்டது" என்று சந்தோஷப்பட்டு மாற்றுவோம், புள்ளிகள் அப்படியே கலங்கிக் கிடக்கும். நானும் இப்படி நிறைய நாள் வீணடித்திருக்கிறேன். கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீளம் போதுமான ரூட் ரெய்ஸ்டு கோசைன் ஃபில்டர்கள் (வழக்கமான பல்ஸ் ஷேப்பிங் வடிவம்), ஒரு பக்கம் 0.35, மறுபக்கம் 0.20. அதனால் வரும் ஈவிஎம் 1.3 சதவீதத்தைச் சுற்றித்தான். 0.35-க்கு எதிரே 0.25 என்றால் 0.6 தான். ரிசீவரில் ஃபில்டரையே போட மறந்திருந்தால்? 0.35 ரோல்-ஆஃபுக்கு 13 முதல் 14 சதவீதம். ஒரு ஃபில்டர் கூடுதலாக நுழைந்திருந்தால் 10 சதவீதம்.

(ஈவிஎம் என்பது புள்ளி இருக்க வேண்டிய இடத்திலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளி விழுகிறது என்ற கணக்கு. இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் இரைச்சலே இல்லாதபோது ஃபில்டரால் மட்டும் வருபவை.)

அதனால் கீழே எங்கே பார்த்தாலும் ரோல்-ஆஃப் கடைசியில்தான் வரும். முதலில் ஃபில்டர்களை எண்ணுங்கள், அப்புறம் அளவைப் பாருங்கள்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்: லூப்பேக்

டிரான்ஸ்மிட்டர் வெளியே அனுப்பப் போகும் சாம்பிள்களை (சிக்னலின் எண் மதிப்புகளை) ஒரு கோப்பில் எழுதி, அதை அப்படியே ரிசீவர் மென்பொருளுக்குக் கொடுங்கள். ஆன்டெனா, கேபிள், மிக்சர் எதுவும் நடுவில் வேண்டாம்.

இதிலும் கலங்கலாக இருந்தால் கோளாறு உங்கள் கோடிலோ அமைப்பிலோதான். ஹார்டுவேரைத் திறக்காதீர்கள்.

இதில் சுத்தமாக இருந்து நிஜ சிக்னலில் மட்டும் கெட்டால் நேராக "லூப்பேக்கில் சுத்தம்" என்ற பகுதிக்குப் போங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

## சிக்னலை எவ்வளவு கூட்டினாலும் ஈவிஎம் ஒரே இடத்தில் நிற்கிறது

ஃபில்டர் பொருத்தமின்மையின் அசல் முகம் இதுதான். இரைச்சல் என்றால் சிக்னல் கூடக் கூடக் குறையும். இது குறையாது, ஏனென்றால் உங்கள் சிம்பல்களே ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

உண்மையிலேயே இதுதானா என்று உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. ஒரே 500 சிம்பல்களைத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள், ரிசீவரில் ஒவ்வொரு சுற்றையும் சரியாகப் பொருத்தி வைத்துச் சராசரி எடுங்கள். இரைச்சலாக இருந்தால் சராசரியில் கரைந்து போகும். சிம்பல் குறுக்கீடாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே புள்ளி அதே தப்பான இடத்தில் விழும், சராசரி எடுத்தாலும் அசையாது. அசையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

### முதல் காரணம்: ஃபில்டர் எண்ணிக்கை தப்பு

சரியான ஏற்பாடு: அனுப்பும் பக்கம் ஒரு ரூட் ரெய்ஸ்டு கோசைன், வாங்கும் பக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் முழு ரெய்ஸ்டு கோசைன், சிம்பல் நேரங்களில் அண்டை சிம்பலின் பங்கு பூஜ்யம். இதில் ஒன்று குறைந்தாலும் கூடினாலும் கெட்டது.

அனுப்பும் பக்கத்தைச் சோதிக்க ரோல்-ஆஃப் என்னவென்றே தெரிய வேண்டாம். ஸ்பெக்ட்ரத்தை நன்றாகச் சராசரி எடுத்து, மையத்திலிருந்து சிம்பல் ரேட்டில் பாதி தள்ளி என்ன மட்டம் இருக்கிறது என்று பாருங்கள். நொடிக்கு 10 லட்சம் சிம்பல் என்றால் மையத்திலிருந்து 500 கிலோஹெர்ட்ஸ். அந்த இடத்தில்:

3 டெசிபெல் இறங்கியிருந்தால் ரூட் ரெய்ஸ்டு கோசைன், சரியாக இருக்கிறது. ரோல்-ஆஃப் எதுவாக இருந்தாலும் இந்த 3 மாறாது, அதுதான் இந்தச் சோதனையின் அழகு.

6 டெசிபெல் இறங்கியிருந்தால் அனுப்பும் பக்கமே முழு ரெய்ஸ்டு கோசைனைப் போட்டிருக்கிறார்கள், அல்லது ரூட் ஃபில்டர் இரண்டு முறை ஓடுகிறது.

7-ஐ ஒட்டி இறங்கியிருந்தால் பெரும்பாலும் சிம்பலுக்கு நடுவில் பூஜ்யம் செருகுவதற்குப் பதிலாக அதே சிம்பலைத் திரும்பத் திரும்ப நிரப்பிவிட்டு ஃபில்டருக்குள் அனுப்பியிருக்கிறார்கள். புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு. நான் இரண்டு முறை செய்தேன்.

4-ஐ ஒட்டி இறங்கி, இரண்டு பக்கமும் அலை அலையாகப் பக்கக் குவடுகள் தெரிந்தால் ஃபில்டரே இல்லை, சதுரத் துடிப்பு போகிறது.

சரி, அனுப்பும் பக்கம் 3 காட்டுகிறது. இப்போது வாங்கும் பக்கம் எண்ணுங்கள். இங்கே வழக்கமான பொறி, சிம்பல் நேரத்தைக் கண்டுபிடிக்கும் டைமிங் பிளாக்கின் உள்ளேயே ஒளிந்திருக்கும் ஃபில்டர். க்னூ ரேடியோ என்ற இலவச மென்பொருளின் பாலிஃபேஸ் கிளாக் சிங்க் பிளாக்குக்கு நீங்கள் கொடுக்கும் டேப்கள்தான் (ஃபில்டரின் குணக எண்கள்) மேட்ச்டு ஃபில்டர், அதாவது வாங்கும் பக்க ஃபில்டர். அதற்கு முன்னால் "எதற்கும் இருக்கட்டும்" என்று தனியாக ஒரு ரூட் ரெய்ஸ்டு கோசைன் வைத்தால் மொத்தம் மூன்றாகிவிடும், மேலே சொன்ன 10 சதவீதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னால் இருப்பதைத் தூக்குங்கள். பக்கத்துச் சேனலுக்காக ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் சிக்னல் முழுவதையும் தொடாமல் விடும் அகலமான சாதாரண லோ-பாஸ் வையுங்கள்.

அதே பிளாக்கில் இன்னொரு பொறி. டேப்களை வடிவமைக்கும்போது சாம்பிள் ரேட்டை உள்ளே இருக்கும் ஃபில்டர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சிம்பலுக்கு 4 சாம்பிள், 32 ஃபில்டர் என்றால் சிம்பலுக்கு 128 சாம்பிள் என்று வைத்து வடிவமைக்க வேண்டும், நீளத்தையும் அதே கணக்கில் கூட்ட வேண்டும். 4 என்றே விட்டுவிட்டால் உள்ளே ஓடுவதை ஃபில்டர் என்றே சொல்ல முடியாது.

மேட்லாப் ஆட்களுக்கு ஒரு வரி: ஃபில்டர் வடிவமைக்கும் ஆர்காஸ்டிசைன் (rcosdesign) கட்டளை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ரூட் வடிவத்தைத்தான் தரும். யாரோ "நார்மல்" என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

### இரண்டாவது: அளக்கும் கருவியே பொய் சொல்கிறது

வெக்டர் சிக்னல் அனலைசரில் இரண்டு ஃபில்டர் அமைப்புகள் இருக்கும். ஒன்று வரும் சிக்னலுக்கு, மற்றொன்று ஒப்பிடுவதற்கான இலட்சிய சிக்னலுக்கு. சாதாரண ஏற்பாட்டில் முதலாவது ரூட் ரெய்ஸ்டு கோசைன், இரண்டாவது முழு ரெய்ஸ்டு கோசைன். முதலாவதை அணைத்து வைத்திருந்தால் டிரான்ஸ்மிட்டர் சொக்கத் தங்கமாக இருந்தாலும் 13 சதவீதம் காட்டும். முன்னால் உட்கார்ந்தவர் வேறு தரத்தை அளந்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருப்பார், நீங்கள் இங்கே டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். தரத்துக்கான முன்னமைப்பைப் புதிதாக ஏற்றி அளந்த பிறகே அந்த எண்ணை நம்புங்கள்.

### மூன்றாவது: சிம்பலுக்கு எத்தனை சாம்பிள் என்பது தப்பு

சாம்பிள் ரேட் நொடிக்கு 24 லட்சம், சிம்பல் ரேட் 5 லட்சம். வகுத்தால் 4.8. யாரோ அதை 5 என்று உருட்டி ஃபில்டரை வடிவமைத்துவிட்டார்கள். 4 சதவீதம்தானே என்று தோன்றும். அந்த 4 சதவீதம் ஃபில்டரின் அகலத்தையே இழுத்துவிடும், 0.35 ரோல்-ஆஃபில் ஈவிஎம் சுமார் 3 சதவீதம் வரும். 0.35-க்கும் 0.20-க்கும் உள்ள வித்தியாசத்தால் வருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ரோல்-ஆஃபைத் தேடிப் பிடித்துத் திருத்துபவர்கள் இந்த உருட்டலைக் கண்டுகொள்வதே இல்லை.

தீர்வு: ரீசாம்பிளர் போட்டு முழு எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகு ஃபில்டர், அல்லது 4.8 என்ற பின்ன எண்ணையே கொடுத்து வடிவமைப்பது. இரண்டும் வேலை செய்யும்.

### நான்காவது: ஃபில்டர் குட்டை

ரோல்-ஆஃப் சிறிதாகச் சிறிதாக துடிப்பின் வால் நீண்டுகொண்டே போகும். வாலை வெட்டினால் வெட்டிய இடத்துக்கான குறுக்கீடு வரும். என் கைப்பழக்கக் கணக்கு: 0.35-க்கு 10 முதல் 12 சிம்பல் நீளம், 0.20-க்கு 16 முதல் 20, 0.05 என்றால் 40-க்குக் குறைய வேண்டாம். டேப் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள், ஈவிஎம் இறங்கினால் காரணம் இதுதான், இறங்காத இடம் வரும்வரை கூட்டி அதோடு நிறுத்துங்கள்.

### கடைசியாக: ரோல்-ஆஃப்

இப்போது பாருங்கள். டிவிபி-எஸ் என்ற சாட்டிலைட் டிவி தரம் என்றால் 0.35 மட்டும்தான். டிவிபி-எஸ்2-வில் 0.35, 0.25, 0.20 என்று மூன்று. எஸ்2எக்ஸ் அதோடு 0.15, 0.10, 0.05 சேர்த்தது. டபிள்யூசிடிஎம்ஏ (3ஜி மொபைல்) 0.22, டெட்ரா (காவல்துறை போன்றவற்றின் ரேடியோ) 0.35, டிவிபி-சி (கேபிள் டிவி) 0.15, டிஎம்ஆர் வாக்கிடாக்கிகள் 0.2. சொந்தமாக வடிவமைத்த லிங்க் என்றால் அகலத்தை அளந்துகொள்ளலாம்: மொத்த அகலத்தைச் சிம்பல் ரேட்டால் வகுத்து ஒன்றைக் கழித்தால் ரோல்-ஆஃப். 10 லட்சம் சிம்பலுக்கு 1.35 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் 0.35.

ஒரு பக்கம் 0.35, மறுபக்கம் 0.05 என்ற கோடிக்குப் போனால்தான் 5 சதவீதத்தை ஒட்டி வரும். அது கவலைப்பட வேண்டிய அளவு.

## க்யூபிஎஸ்கே ஓடுகிறது, 64 குவாம் போட்டால் செத்துவிடுகிறது

பெரும்பாலும் மேலே உள்ள அதே கோளாறுதான், இத்தனை நாள் மறைந்திருந்தது. 64 புள்ளிகள் கொண்ட 64 குவாமில் ஒரு புள்ளியிலிருந்து முடிவு எல்லைக்கு உள்ள தூரம் சராசரி வீச்சில் 15 சதவீதம்தான், நான்கே புள்ளிகள் கொண்ட க்யூபிஎஸ்கே-யில் 70. பத்து சதவீதக் கலக்கம் ஒன்றுக்குத் தெரியாது, மற்றதைக் கொன்றுவிடும். அதனால் "க்யூபிஎஸ்கே ஓடுகிறது, ஆகவே ஃபில்டர் சரி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மேலே உள்ளவை எல்லாம் சரி என்றால் அளவுப் பெருக்கத்தைப் பாருங்கள். சில கருவிகள் டேப்களின் ஆற்றலை ஒன்றாக வைக்கும் (மேட்லாப் அப்படி), சில டேப்களின் கூட்டுத்தொகையை வைத்து அளவிடும் (க்னூ ரேடியோ அப்படி). ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றொன்றும் போட்டால் கான்ஸ்டலேஷன் மொத்தமாக வீங்கியோ சுருங்கியோ இருக்கும். க்யூபிஎஸ்கே-க்குத் திசை மட்டும் போதும் என்பதால் கவலை இல்லை, குவாம் முடிவுகள் எல்லாம் தப்பாகும். கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்: புள்ளிகள் சுத்தமாக இருக்கும், கட்டங்களுக்குள் உட்கார்ந்திருக்காது.

வெளிப்புறப் புள்ளிகள் மட்டும் கலங்கியிருந்தால் உச்சி வெட்டுப்படுகிறது. ரோல்-ஆஃபைக் குறைத்தால் சிக்னலின் உச்சங்கள் உயரும், 0.35-இல் தாங்கிய டிஜிட்டல்-அனலாக் மாற்றி 0.10-இல் தாங்காது. மட்டத்தைச் சில டெசிபெல் குறைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

## கான்ஸ்டலேஷன் கண்ணாடி மாதிரி, ஆனால் பிட்டில் பாதி தப்பு

ஃபில்டர் சரியாக இருக்கிறது, தாமதத்தைக் கழிக்க மறந்துவிட்டீர்கள். 10 சிம்பல் நீளம், சிம்பலுக்கு 4 சாம்பிள் என்றால் 41 டேப், தாமதம் 20 சாம்பிள். இரண்டு பக்கமும் சேர்ந்து 40 சாம்பிள், அதாவது முழுதாகப் பத்து சிம்பல் தள்ளி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தள்ளிப் பொருத்தினால் பிழை பூஜ்யமாகிவிடும். ஆகாவிட்டால் கேரியர் 90 டிகிரி சுழன்று பூட்டியிருக்கிறதா பாருங்கள், அது ஃபில்டர் விவகாரமே இல்லை.

டேப் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் தாமதம் அரை சாம்பிளில் போய் நிற்கும். சிம்பலுக்கு 2 சாம்பிள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது கால் சிம்பல், கண் (சிம்பல் அலைகளை ஒன்றன் மேல் ஒன்று வரைந்தால் நடுவே தெரியும் திறப்பு) நன்றாகவே மூடிக்கொள்ளும். ஒற்றைப்படையாக வையுங்கள்.

## கண் திறந்து திறந்து மூடுகிறது

இது ஃபில்டர் போல வேஷம் போடும் டைமிங் கோளாறு. இரண்டு பக்கக் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசப்பட்டால், நொடிக்கு 10 லட்சம் சிம்பல் ஓடும் லிங்கில் நொடிக்கு 20 சிம்பல் நழுவும். கண் நொடிக்கு 20 முறை திறந்து மூடும். திறந்திருக்கும் கணத்தில் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் ஃபில்டரை விட்டுவிடுங்கள், டைமிங் லூப் பூட்டவில்லை.

லூப் பூட்டுகிறது, ஆனால் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றால் ரோல்-ஆஃப் மிகச் சிறிதா பாருங்கள். கார்ட்னர் முறை, கூடுதல் அகலத்தை நம்பித்தான் நேரத்தைக் கண்டுபிடிக்கிறது. 0.35-இல் ஜம்மென்று ஓடியது 0.05-இல் தள்ளாடும். லூப் அகலத்தைக் குறையுங்கள். அதிலும் நிற்காவிட்டால் தெரிந்த பைலட் சிம்பல்களை வைத்து நேரம் கண்டுபிடிக்கும் முறைக்கு மாற வேண்டியிருக்கும், அது கொஞ்சம் பெரிய வேலை.

## தனியாக இருந்தால் சரி, பக்கத்துச் சேனல் எழுந்தால் பிழை

ஃபில்டர் நீளம்தான் முதல் சந்தேகம். குட்டை ஃபில்டரின் பக்கக் குவடுகள் வழியாக அண்டைச் சேனல் உள்ளே வரும். ஈவிஎம்முக்குப் போதுமான நீளம் இதற்குப் போதாமல் இருக்கலாம். அடுத்து, ஃபில்டருக்கு முன்னாலேயே சாம்பிளைக் குறைத்துவிட்டீர்களா? குறைத்திருந்தால் அண்டைச் சேனல் மடிந்து உங்கள் சிக்னல் மேலேயே விழுந்திருக்கும், அதற்கப்புறம் எந்த ஃபில்டரும் பிரிக்காது.

## ஃபில்டர் வெளியீட்டில் எண்ணே வரவில்லை

சொந்தமாகச் சூத்திரத்தை எழுதியிருக்கிறீர்கள், இல்லையா? ரூட் ரெய்ஸ்டு கோசைன் சூத்திரத்தில் நேரம் பூஜ்யத்திலும், சிம்பல் காலத்தை ரோல்-ஆஃபின் நான்கு மடங்கால் வகுத்து வரும் நேரத்திலும் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும். ரோல்-ஆஃப் 0.35, சிம்பலுக்கு 4 சாம்பிள் என்றால் இந்த இரண்டாவது இடம் சாம்பிள்களுக்கு நடுவில் விழுவதால் தப்பித்துக்கொள்வீர்கள். 0.25-க்கு மாற்றினால் சரியாகச் சாம்பிள் மேலேயே விழும், 0.20-இலும் அப்படித்தான். "நேற்று வரை ஓடியது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இது. அந்த இடங்களுக்கு எல்லை மதிப்பைத் தனியாக எழுதுங்கள், அல்லது நூலகத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## இந்த ரகம் எதிலும் சேரவில்லை, கண் எப்போதும் கொஞ்சம் மூடியே இருக்கிறது

மாடுலேஷன் என்ன என்று பாருங்கள். ஜிஎஸ்எம், புளூடூத் போன்றவை காஸியன் ஃபில்டர் ஆட்கள், முன்னதன் பிடி மதிப்பு (ஃபில்டர் அகலத்தைச் சிம்பல் காலத்தால் பெருக்கிய எண்) 0.3, பின்னதன் அடிப்படை வேகத்தில் 0.5. அங்கே சிம்பல் குறுக்கீடு வடிவமைப்பிலேயே இருக்கிறது, கோளாறு இல்லை. ரூட் ரெய்ஸ்டு கோசைனை அங்கே திணித்தால்தான் கோளாறு. அதேபோல பி25 (அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகளின் ரேடியோ தரம்) தரத்தின் முதல் பதிப்பில் அனுப்பும் பக்கமே முழு ரெய்ஸ்டு கோசைனும் ஒரு திருத்த ஃபில்டரும் இருக்கும், வாங்கும் பக்கம் ஒரு சிம்பல் காலத்துக்குக் கூட்டிச் சேர்ப்பதுதான். டிஎம்ஆர் கோடை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது.

## லூப்பேக்கில் சுத்தம், நிஜ சிக்னலில் கலங்கல்

முதலில் ரிசீவரின் அனலாக் அகல அமைப்பைப் பாருங்கள். 1.35 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அதை 1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஓரங்கள் மழுங்கும், என்ன டிஜிட்டல் ஃபில்டர் போட்டும் பொருந்தாது. தாராளமாக அகலப்படுத்தி அளந்து பாருங்கள், இது செலவில்லாத திருத்தம்.

அதிலும் போகாவிட்டால் ஈக்வலைசரை (வழியில் வந்த சிதைவைத் தானாகவே சரிசெய்யும் ஃபில்டரை) ஓடவிட்டு அதன் டேப்களை வரைந்து பாருங்கள், என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சாட்சி இல்லை. நடு டேப்புக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால் இன்னமும் எங்கோ ஃபில்டர் பொருத்தமின்மை இருக்கிறது, எதிர்முனை டிரான்ஸ்மிட்டரின் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தால் அது எதிரொலிப் பாதை அல்லது அனலாக் ஃபில்டரின் தாமத வேறுபாடு. ஆன்டெனாவுக்குப் பதிலாக அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) வைத்து கேபிள் வழியாகவே இணையுங்கள். அந்த ஒருபக்க நீட்சி மறைந்தால் காற்றில் உள்ள எதிரொலி, ஈக்வலைசரை அப்படியே விடுங்கள், அதன் வேலையே அதுதான்.

கேபிளிலும் அந்த நீட்சி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இடைநிலை அதிர்வெண் ஃபில்டரோ அதன் பொருத்தச் சுற்றோ கெட்டிருக்கிறது, அதை நெட்வொர்க் அனலைசரில் வைத்துத் தாமதத்தை அளக்கத் தெரிந்த ஆர்எஃப் ஆளிடம் கொடுக்க வேண்டிய கட்டம். உரிமத்தின் கீழ் ஓடும் டிரான்ஸ்மிட்டரின் ஃபில்டரை மாற்ற வேண்டி வந்தாலும் அப்படியே, ஏனென்றால் அங்கே தப்பு செய்தால் கெடுவது அடுத்தவர் சேனல். கொடுக்கும்போது ஒரு நிமிடப் பதிவு செய்த ஐக்யூ சாம்பிள்கள், சாம்பிள் ரேட், சிம்பல் ரேட், ஈக்வலைசர் டேப் படம், லூப்பேக்கில் வந்த ஈவிஎம், கேபிளில் வந்த ஈவிஎம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவரும் முதலில் கேட்கப் போவது "ரோல்-ஆஃப் சரியாகப் போட்டீர்களா?" என்றுதான்.